முன்பாரம், பின்பாரம்

மழை விட்ட காலையில் ஈர வைக்கோலும் சாணமும் வண்டி மையும் சேர்ந்து எழுப்புகிற ஒரு வாசனை உண்டு. விளக்கெண்ணெயில் கரித்தூளைக் குழைத்து வண்டி அச்சுக்குப் பூசுகிற அந்த மை என் அப்பாவின் நகக்கண்களை விட்டு எந்த நாளும் போனதில்லை. அவர் பிசைந்து ஊட்டிய சோற்றில்கூட அது லேசாக மணக்கும். முதல் உலக யுத்தம் இன்னும் தொடங்காத காலம் அது. சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், தேக்காவில், கம்பம் என்று சொல்லும் குடிசைக் குடியிருப்பில், அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டைவிட மாட்டுக் கொட்டில் பெரிது. எங்கள் வீட்டில் சோறு போடுவது யார் என்பதில் அப்பாவுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

அப்பாவுக்கு ஒரு ஜோடி மாடும் ஒரு பார வண்டியும் இருந்தன. ஆற்றங்கரையில் இறங்கும் அரிசி மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். மாட்டு வண்டிக்குச் சக்கரம் இரண்டுதான் என்பதால் அது அச்சின் மேல் தராசு போலத்தான் நிற்கும். சுமை முன்னால் கூடிவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், அதற்குப் பெயர் “முன்பாரம்.” பின்னால் கூடிவிட்டால் நுகத்தடி மேலே கிளம்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும்; அது “பின்பாரம்.” இந்த இரண்டு சொற்களை வைத்தே அப்பா உலகத்தை அளந்தார். குழம்புச் சட்டியில் நீளக் காம்பு அகப்பையைப் போட்டுவிட்டு அம்மா நகர்ந்து, சட்டி கவிழ்ந்து அடுப்பு அணைந்தால், குழம்பு போன வருத்தமே இல்லாமல், “பின்பாரம், பார்வதி, பின்பாரம்” என்பார். “ஆமா, என் தலையெழுத்துதான் முன்பாரமாப் போச்சு” என்பாள் அம்மா.

மனிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் ராவுத்தர் நல்ல ஆகிருதி உள்ளவர்; வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, கறுப்புக் குடை. வயிறு முன்னால் போக, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, ஊர்வலம் வருவது போல நிதானமாக நடப்பார். ஒரு நாள் காப்பிக் கடையில் அப்பா, “முன்பாரம் ஏறினா ஆளு பின்னால சாய்ஞ்சுதானே ஆகணும், ராவுத்தரு சரியாத்தான் பாரம் புடிக்கிறாரு” என்று சொல்லியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. ஆனால் அது கடையைத் தாண்டி ராவுத்தரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாராட்டாக இல்லை. அன்றிலிருந்து அவருடைய மூட்டைகள் வேறு வண்டியில் ஏறின. எதிரில் வந்தால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு அது உறுத்தல்தான். ஆனாலும், “நான் சொன்னதுல கணக்குத் தப்பு என்ன இருக்கு?” என்று மாடுகளிடம் கேட்பார்.

அந்த வருஷம்தான் செண்பகம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பா ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். முதல் பிரசவத்துக்குத் தோட்டத்தில் உதவிக்கு ஆளில்லை. பிறந்த பிள்ளை பிழைக்கவில்லை. இரண்டாவது உண்டானதும், “என் தங்கச்சிக்கு இந்தத் தடவை நான் பார்த்துக்கிறேன்” என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லியனுப்பி வரவழைத்தாள்.

தேங் ரோடு ரயில் நிலையத்துக்கு அப்பாவும் நானும் போனோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாற்ற விட்டிருந்ததால் சீனர் ஒருவரின் ரிக்‌ஷாவைப் பேசினார் அப்பா. சித்தி இயல்பாகவே கனத்த உடம்பு. எட்டு மாதம் வேறு. ஏறி உட்கார்ந்தவள், சாலையில் ஓடிய டிராம் வண்டியைக் கண்ட வியப்பில் “அடியாத்தி!” என்று பின்னால் சாய்ந்தாள். இழுக்கும் கைப்பிடிகள் இரண்டும் மேலே கிளம்ப, அவற்றைப் பிடித்திருந்த ஒல்லி மனிதரும் கூடவே கிளம்பி, அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டு கத்தினார். “பிலான்! பிலான்!” என்று, ‘மெதுவா’ என்பதைத் தனக்குத் தெரிந்த மலாயில் கூவியபடி அப்பா ஓடிப்போய்ப் பின்பக்கத்தைத் தோளில் தாங்கினார். ரிக்‌ஷாக்காரரின் கால் தரையில் பட்டதும் முதலில் சிரித்தது சித்திதான். வீடு வரைக்கும் சிரித்தாள். இறங்கியதும், “இனிமே செத்தாலும் ரிக்‌ஷாவில ஏற மாட்டேங்க்கா” என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் சித்திதான் என் விளையாட்டுத் தோழி. வேலை எதையும் செய்ய அம்மா விடமாட்டாள் என்பதால், கையில் கிடைத்ததை எல்லாம் நிறுத்திப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் தொழிலாயிற்று. விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தினால் நிற்கும். பள்ளிக்கூடத்துப் பலப்பம் நிற்காது. சின்னப் பொருள்தானே எளிதாக நிற்க வேண்டும் என்று நான் அழாக்குறையாக முயன்று தோற்ற பிறகு, சித்திதான் பார்த்துச் சொன்னாள்: “வெளக்குமாறு விழுறதுக்கு நேரம் எடுத்துக்குதுடி, அதுக்குள்ள கையை நகர்த்திடலாம். இந்தச் சனியன் சொல்லாம விழுந்துடுது.” நுனியைப் பார்த்தால் நிற்கும், கையைப் பார்த்தால் விழும் என்பதையும் நாங்களாகவே கண்டுபிடித்தோம். அதற்குள் ஒரு மண்சட்டியும் அம்மாவின் பொறுமையும் உடைந்திருந்தன.

மத்தியான வேளைகளில் சித்தி மல்லாந்து படுத்து, வயிற்றின் உச்சியில் ஒரு கொட்டாங்கச்சியை நிறுத்தி வைப்பாள். இருவரும் மூச்சு விடாமல் பார்த்திருப்போம். உள்ளே ஓர் உதை, கொட்டாங்கச்சி ஆடும். இன்னொரு உதை, உருண்டு பாயில் விழும். “கண்ணு பட்டுடும், எடுத்து வைங்கடி” என்று அம்மா அதட்டுவாள். ஆனால் நான்கு நாள் தொடர்ந்து நாங்கள் அதைச் செய்யாவிட்டால், “என்ன, இன்னிக்கு ஆடலையா?” என்று அவளே அடுப்படியிலிருந்து கேட்பாள். சித்தி எதற்காக அதை விரும்பினாள் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. கொட்டாங்கச்சி விழுந்தால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் என்பது மட்டும் தெரியும்.

பிரசவம் பார்க்க அம்மா நம்பியது ஒரே ஒருவரைத்தான். ரோச்சோர் கால்வாய்க்கு அப்பால், அரபுத் தெருப் பக்கம் இருந்த பாத்தும்மா. என்னைப் பூமிக்கு இறக்கியதும் அவர் கைதான். ஆனால் சித்திக்கு நாள் நெருங்கிய வாரத்தில், ஊறுகாய் ஜாடியை எடுக்கப் பெட்டியின் மேல் நாற்காலியைப் போட்டு ஏறி விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். அப்பா போய் நலம் விசாரித்துவிட்டு வந்து, “மூணு கால் முக்காலின்னா மேடு பள்ளம் பார்க்காது, எங்க வெச்சாலும் நிக்கும். நாலு காலை நம்பினா ஒண்ணு ஏமாத்தும்னு அவங்ககிட்ட சொன்னேன்” என்றார். “அடிக்காம அனுப்பினாங்களே” என்றாள் அம்மா. பாத்தும்மா சொல்லியனுப்பியது வேறு: “என்னால வர முடியாது. வலி கண்டதும் புள்ளைய இங்க கூட்டிட்டு வந்துடுங்க. படுத்துக்கிட்டே பார்ப்பேன், பயப்படாதீங்க.”

வலி ஒரு காலை நேரத்தில் கண்டது. இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ரிக்‌ஷா என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா வண்டியில் வைக்கோலைப் பரப்பி மெத்தையைப் போட்டார். சித்தியைப் படுக்கவைத்து, அவள் தலையை மடியில் தாங்கியபடி அம்மா பின்பக்கம் உட்கார்ந்தாள். வெந்நீருக்கு வேண்டுமென்று பெரிய பித்தளை அண்டாவும் கூடவே ஏறியது. ஊரார் சுமையை எல்லாம் விரல்நுனியால் எடைபோடுகிற அப்பா, அன்றைக்கு அவசரத்தில் எதையும் பார்க்கவில்லை. “போங்க, சீக்கிரம் போங்க” என்று அம்மா சொல்ல, மாடுகளை ஓட்டினார். நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. கால்வாய்ப் பாலம் அந்நாளில் ஆமை முதுகு போல நடுவில் உயர்ந்திருக்கும். அந்த ஏற்றத்தில் வண்டி ஏறியதும் பாரமெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. நுகத்தடி மெல்லக் கிளம்பியது. மாடுகளின் தொண்டையில் கயிறு இறுக, அவை தலையை உயர்த்தித் திணறிக்கொண்டு, ஈரத்தில் கால் வழுக்கி நின்றன. அப்பா குதித்து நுகத்தடியில் தொங்கினார். எலும்பும் தோலுமான அவர் தொங்கியதில் அது அசையவே இல்லை, அவர்தான் அசைந்தார். நான் முன்னால், நுகத்தடி வரை நீண்ட ஏர்க்காலின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அதுவும் போதவில்லை.

“அண்டாவைத் தள்ளிவிடு பார்வதி!”

“ஐயோ, என் அண்டா!” என்று அலறிக்கொண்டே அம்மா அதைக் காலால் உதைத்தாள். அது டணடணவென்று பாலத்தில் உருண்டு போக, தோளில் காவடிக் கம்போடு வந்துகொண்டிருந்த சீன வியாபாரி ஒருவர், இரு கூடைகளும் ஆடாமல் ஒரு காலை நீட்டி அதை நிறுத்தினார். அப்படியும் நுகத்தடி இறங்கவில்லை. அம்மா முன்னால் வந்திருந்தால் இறங்கியிருக்கும். ஆனால் வலியில் சித்தி அவள் இரு கைகளையும் பிடித்த பிடி இரும்புப் பிடி. வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத பயம்.

அப்போது பாலத்தின் மறு பக்கத்திலிருந்து கறுப்புக் குடை ஒன்று நிதானமாக மேலேறி வந்தது.

ராவுத்தர் நின்றார். வண்டியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், நுகத்தடியில் தொங்கிய அப்பாவைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

“என்னா முத்தையா, முன்பாரம் பத்தலியா?”

அப்பா நுகத்தடியை விடவில்லை. “ராவுத்தரே… புள்ளைத்தாச்சி…” என்றார்.

“தெரியுதுப்பா. தள்ளு.” அவ்வளவுதான் பேச்சு. வெள்ளைக் கைலி சேறாவதைப் பற்றிக் கவலைப்படாமல், பெண்கள் பக்கம் முதுகைக் காட்டியபடி, அப்பா வண்டி ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நுகத்தடி தாழ்ந்து மாடுகளின் கழுத்தில் வந்து அமர்ந்தது. மாடுகள் ஒரு முறை பெருமூச்சு விட்டு இழுத்தன. வண்டி ஏறியது.

உச்சியைத் தொட்டதும் அப்பாவுக்குத் தன் நிதானம் திரும்பிவிட்டது. “இறங்குங்க, இறங்குங்க! இனி எல்லாம் முன்னால வந்துரும், பின்னால போய்ப் புடிங்க!” என்று அதட்டினார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த வயதில் குதித்து, சுற்றி ஓடி, வண்டியின் வால்கட்டையைப் பிடித்துத் தொங்க, நானும் அவர் பக்கத்தில் தொங்க, வண்டி மெல்ல மெல்ல இறக்கத்தில் இறங்கியது. உள்ளே வலிக்கு நடுவில் சித்தி கேட்டாள், “அத்தான், இப்ப சரியா இருக்கா?” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

பாத்தும்மா வீட்டு வாசலில் சித்தியை உள்ளே அழைத்துப் போன பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அப்பா மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். ராவுத்தர் கடைக்குப் போகவில்லை; சேறு படிந்த கைலியோடு சுவரில் சாய்ந்து உதடுகளால் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். சீன வியாபாரி அண்டாவைக் கூடையின் மேல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் அவரும் நின்றார். உள்ளே சித்தியின் குரல் உயர்ந்து, பிறகு நின்றுபோனது. ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பிள்ளை அழுதது. அப்படி ஓர் அழுகை, தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். சீனர் தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துக் காவடிக் கம்பைத் தூக்கினார். ராவுத்தர் அப்பாவின் தோளில் கையை வைத்து, “நாளைக்கு ஆத்தங்கரையில மூட்டை இறங்குது, நேரத்துக்கு வந்துரு” என்றார். காப்பிக் கடைப் பேச்சைப் பற்றி அதற்குப் பிறகு இருவருமே வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு அந்த வழியே பேருந்தில் போனால் பாலம் ஏறுவதே தெரியாது, அகலப்படுத்திச் சமமாக்கிவிட்டார்கள். கம்பத்து வீடுகள் இருந்த இடத்தில் கல் வீடுகள். மாடுகள் நீர் குடித்த தொட்டிகளை எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர்கள் மாடுகளை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போனார்கள். அப்பாவும் ராவுத்தரும் அடுத்தடுத்த வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்கள். அன்று பிறந்த மீனாட்சி இப்போது பேரன் எடுத்துவிட்டாள்.

சித்தி இருக்கிறாள். கண் மங்கிவிட்டாலும் பேச்சு மங்கவில்லை. போன வாரம் அவளைப் பார்க்கப் போனபோது, அந்தப் பாலத்தையும் ராவுத்தரையும் அண்டாவையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், “வண்டியா? எந்த வண்டிடி?” என்றாள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“எனக்கு அவ அழுதது மட்டுந்தான்டி ஞாபகம்” என்றாள்.