பரமு அக்கா கேட்ட கடைசி மாற்றம்

பரமு அக்கா இறந்துவிட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். "இப்பவா?" என்றுதான் வாயில் வந்தது. அம்மா திட்டினார். ஆனால் அக்காவோடு ஆறு மாதம் வேலை செய்த எவனும் அதைத்தான் கேட்டிருப்பான். எதையும் கடைசி நேரத்தில் மாற்றுவது அவர் வழக்கம்.

அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்கள் பிள்ளைகளை, நீங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச் சென்ற பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டவர் அவர். அதன் முற்றத்து மழைமானியைப் பார்ப்பதும் அவர்தான். மழை அளவு கூடினால் மலை சரியலாம். கீழ் லயத்தின் முப்பத்திரண்டு வரிசை வீடும் கிளம்பியாக வேண்டும். வீடு வீடாக ஓடிச் சொல்லிக் களைத்தவர், கம்ப்யூட்டர் படிக்கப் போன என்னைப் பிடித்தார். "நான் அளவப் போட்டா எல்லா வீட்டுக்கும் மெசேஜ் போகணும். அவ்வளவுதான் தம்பி." அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்பினேன். அது என் பிழை.

செய்து காட்டினேன். "எழுத்து வேணாம்டா. கண்ணாடி தேடுறதுக்குள்ள மண்ணு வந்துரும். போன் அடிச்சுப் பேசட்டும்" என்றார். பேச வைத்தேன். "ஒங் கொரல் வேணாம். சின்னதுல, இன்னைக்கு வேலை இல்லன்னு வேலைக்குக் கூப்பிடுற கங்காணி மாதிரியே நீ கத்தி ஊர ஏமாத்துனத யாரும் மறக்கல. நீ சொன்னா ஒருத்தரும் கெளம்ப மாட்டாங்க." அவர் குரலையே பதிவு செய்தோம்.

என் கணினியில் அந்தக் கோப்புகள் இன்னும் இருக்கின்றன: 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி', 'இறைவா இறுதி'. வெறுத்துப்போய் அவருடைய போனில் 'அக்காவுக்கு மனம் மாறினால் அழுத்தவும்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் 'மறுபடியுமா?' என்று கேட்கும். அழுத்திப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கேட்டார்: "இத எல்லாரு போன்லயும் போட முடியுமாடா?"

உச்சம், மெசேஜ் போனதும் எல்லாரும் கிளம்புகிறார்களா என்று பார்க்கும் ஒத்திகைக்கு முந்திய நாள். மறுநாள் காலை அதைப் பார்க்க அரசாங்கத்தின் கிராம சேவகர் வருகிறார். மாலை நான்கு மணிக்கு, போன் போகவேண்டிய நம்பர் பட்டியலை அக்கா பார்க்கிறார்.

"இதெல்லாம் யாரு நம்பரு?"

"வீட்டுக்காரங்க நம்பரு."

"வீட்டுக்காரங்க எங்க?"

பாதிப் பேர் கொழும்பில்.

"கொழும்புல கடையில நிக்கிறவனுக்குப் போன் அடிச்சா, அவன் அங்கருந்து ஆத்தா வீட்டுக் கதவத் தட்டுவானா? நம்பரு மட்டும் போதாதுடா. யாரு யாரு கதவத் தட்டணும்னு வேணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"மொதல்ல எனக்கே தெரியாதேடா. நீ செஞ்சு காட்டுனதுக்கு அப்புறந்தானே தெரியுது."

கத்தினேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது என்று வரிசையாகச் சொன்னார். "அவள அந்த வீட்டுக்குப் போடாத, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல." மறுநாள் போனே இல்லாத சின்னையா தாத்தாகூடத் திட்டிக்கொண்டே மேலே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். நான் பெருமையாக நின்றேன். அக்கா வந்து, "நல்லா இருக்கு தம்பி. ஒரே ஒரு சின்ன மாத்தம்…" என்றார்.

போன மாதம், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, அளவு போடுறதுக்கு என் நம்பர் மட்டுந்தானே இருக்கு? அத எடுத்துட்டுக் கோமதி நம்பரப் போடு. இப்ப பிள்ளைக்காம்பரா அவதான் பாக்குறா." அவர் நம்பரை நான் நிரலுக்குள் பத்து இடத்தில் நேராகவே எழுதிவைத்திருந்தேன். பத்தையும் தோண்டி எடுக்கச் சோம்பல். "முடியாது. நீங்களே வந்து போடுங்க" என்று அனுப்பினேன். பதில் வந்தது: "சரிடா. மழ எனக்காக நிக்காது." மூன்றாம் நாள் இறந்தார்.

மேல் லயத்தில் அவர் வீட்டு வாசல் பந்தலில் சவப்பெட்டி இருந்தபோது மழை பிடித்தது. பகல் இரண்டு மணிக்குக் கோமதி நனைந்து ஓடிவந்தாள். "அளவு கூடிருச்சு! போடுறேன், ஏத்துக்க மாட்டேங்குது!" எப்படி ஏற்கும்? அது அக்காவுக்காகக் காத்திருந்தது. அவருடைய போன் சார்ஜ் இறங்கி ஆஸ்பத்திரிப் பையில் கிடந்தது. கீழ் லயத்தில் பிள்ளைகளும் முடியாதவர்களும்தான் இருந்தார்கள்; மற்றவர்கள் இங்கே சாவு வீட்டில். பெட்டிக்குப் பக்கத்திலேயே கணினியைத் திறந்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். பத்தாவது இடத்தையும் மாற்றியதும் கோமதி மறுபடி அளவைப் போட்டாள்; அந்த வீட்டில் பத்துப் பதினைந்து போன்கள் ஒன்றாக அடித்தன. எல்லாவற்றிலும் அக்கா பேசினார்: "பரமு பேசுறேன். கெளம்புங்க. ஒங்களுக்குச் சொன்ன கதவத் தட்டுங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். மாலை கடைசி இரண்டு வீட்டுக்குள் மண் புகுந்தது. உள்ளே யாரும் இல்லை. அடக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதையும் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டுத்தான் போனார்.

அவர் எப்போதும் இருப்பார் என்று நம்பி நிரல் எழுதியவன் நான். அப்படி நம்பாதவர் அவர் மட்டும்தான். இப்போது அளவு போட மூன்று பேர் இருக்கிறார்கள்; யாரையும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். அக்காவின் நம்பரை நிரலிலிருந்து முழுதாக எடுத்துவிட்டேன். என் போனில் மட்டும் வைத்திருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.