புதுப் பல்லும் புதுச் சம்பந்தியும்

நாலைந்து கவளம்தான் உள்ளே போயிருக்கும். ஷாகுல் பாயின் தாடை நின்றுவிட்டது!

போன ஞாயிறு, தாராவியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பாய் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற நெல்லைக்காரர், என் நெடுநாள் சிநேகிதர். கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடம் ஆகிறது. சாயில் நனைத்த பாவ் ரொட்டி, குழைந்த சோறு என்றே காலத்தை ஓட்டிவிட்டார். பல் கட்டச் சொன்னால், "பசிக்கு எறங்குதுல்லா... போதும் வே" என்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததும்தான் ஆடிப்போனார். காரணம், சஹன்.

சஹன் என்றால் பெரிய தட்டு. அவர்கள் வீட்டு விருந்தில் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எல்லோரும் முடிக்கும்வரை யாரும் எழுவது மரியாதை இல்லை. சம்பந்தியோடு ஒரே சஹனில் உட்கார வேண்டுமே!

"நான் எப்ப மென்னு முடிக்க, அவங்க எப்ப எந்திரிக்க? மொத நாளே சிரிப்பாச் சிரிச்சுரும் வே!" என்றார்.

செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். நீங்களும் காதுக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒன்று புடைக்கிறதல்லவா? அதுதான் மெல்லும் தசை. பாய் கன்னத்தில் அதை டாக்டர் தேட வேண்டியிருந்தது.

பல் செட்டைக் கொடுக்கும்போதே டாக்டர் தெளிவாகச் சொன்னார். "பல்லை நான் குடுத்துடறேன். தசை ரொம்ப நாளா வேலையில்லாம மெலிஞ்சு கெடக்கு. இன்னிலேர்ந்தே போட்டுண்டு, மெத்துனு இருக்கறதா மென்னு பழகுங்கோ."

பாய் என்ன செய்தார் தெரியுமா? செட்டை டப்பாவோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கல்யாணத்தன்று காலையில்தான் எனக்கே தெரிந்தது.

"புதுசுல்லா வே! விசேஷத்தன்னிக்குப் போட்டுக்கிடலாம்னு வச்சிருந்தேன்."

புதுச் சட்டைக்கு அது சரி. சட்டையை வைத்துக்கொண்டு யாரும் ஆட்டுக்கறி மெல்லுவதில்லையே!

ஆக, நெய்ச்சோற்றுக்கும் கறிக்கும் நடுவே தாடை வலித்து, அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அதே சஹனில் பக்கத்தில் நான். எதிரே சம்பந்தி. பாண்டுப்பில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர்.

அவர் பாயை ஒருமுறை பார்த்தார். கறியை எலும்பிலிருந்து பிரித்து, நார் நாராகக் கிள்ளி, பாய் பக்கம் தள்ளினார். பிறகு தானும் ஒவ்வொரு பருக்கையாக எடுக்க ஆரம்பித்தார்.

மற்ற சஹன்கள் காலியாகிவிட்டன. அடுத்த பந்திக்கு ஆட்கள் நின்றார்கள். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க எந்திரிங்க சம்மந்தி... ஆளு நிக்கி."

"நிக்கட்டும். பெத்த பொண்ணையே குடுத்திருக்கீங்க. உங்க கூட உக்காந்திருக்கதுக்கு எனக்கு என்ன அவசரம்? நிதானமாச் சாப்பிடுங்க."

பாய் சாப்பிட்டார். நிறுத்தி, தாடையைத் தடவி, மறுபடியும் சாப்பிட்டார். கடைசிக் கவளம் வரைக்கும் சம்பந்தி எழவே இல்லை.

பல்லைக் கட்டியது டாக்டர்தான்... சாப்பிட வைத்தது சம்பந்தி!