செய்தித்தாளின் இடது மூலை

அக்கரப்பத்தனைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஹட்டனில் ஒரு பழைய படக்கருவி வாங்கினேன். அதன் கண்ணாடி வில்லை கூர்மையானதா என்று சோதித்தறியாமல் எவர் முகத்தையும் எடுப்பதில்லை என்று உறுதி பூண்டேன். அவ்வுறுதியில் இன்று எனக்குப் பெருமை இல்லை.

பள்ளிக்கு அடுத்த லயத்து வீட்டு வரிசையில், தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாள் இருந்தார். அவருடைய ஒரே மகன் இந்தியாவுக்குப் போகவிருந்தான். அவனுக்கு இந்தியக் குடியுரிமைப் பத்திரம் வந்துவிட்டது; தாயின் மனுவுக்கு விடை வரவில்லை. கடவுச்சீட்டுக்கென எடுத்த படங்கள் யாவும் அலுவலகத்துக்கே போய்விட்டன.

“அவன் மூஞ்சி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டுங்க சார்,” என்றார்.

“கண்ணாடியச் சோதிச்சிட்டு எடுத்துத் தாரேன்மா,” என்றேன்.

என் அறைச் சுவரில் செய்தித்தாளின் ஒரு பக்கத்தைப் பசையிட்டு ஒட்டினேன். தேயிலைப் பெட்டியின்மேல் கருவியை நிறுத்தி, வில்லையின் துளையைப் படிப்படியாகச் சுருக்கி எட்டுப் படங்கள் எடுத்தேன். ஹட்டனில் கழுவி வந்த சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தேன். நடுவில் பொடியெழுத்தும் தெளிவாயிருந்தது. துளை அகன்றிருந்த படங்களில் இடது மூலை மட்டும் கரைந்து கிடந்தது. குறை வில்லையினுடையது என்று ஐயுற்று, மறுசுருளைப் பூட்டினேன். இம்முறை துளையை அகலத் திறந்தே வைத்தேன்.

ஏழு படங்கள் முடிந்திருந்தபோது மகன் வந்தான். வெளியே மூன்று நாளாக விலகாத பனிமூட்டம்.

“கண்ணாடிக்குக் கண்ணு பாத்து இன்னும் முடியலீங்களா சார்?” என்று சிரித்தவன், சுவரருகே சென்று தாளின் இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினான். “உப்பிக்கிட்டு நிக்குது.”

“அப்பிடியே புடி. ஒரு படந்தான் மிச்சம்.”

“பேப்பரு இங்கதான் சார் இருக்கும். நாந்தான் போறேன். மூஞ்சிய எடுத்துருங்களேன்.”

“மங்கலா வந்தா அம்மா ஏமாந்துருவாங்க. அடுத்த ரோல்ல எடுப்போம்.”

அவன் கட்டைவிரலை மூலையிலேயே வைத்திருந்தான். எடுத்தேன்.

சுருள் திரும்புமுன் புறப்படும் நாள் வந்துவிட்டது. அம்மாள் மகனை ஹட்டன் நிலையத்தில் ரயிலேற்றிவிட்டுத் தனியே திரும்பினார்.

நான்கு நாட்களுக்குப் பின் படங்கள் வந்தன. முதல் ஏழிலும் அதே கலங்கல். எட்டாவதில் மட்டும், அவன் அழுத்தியிருந்த இடத்தில், கடைசி எழுத்துவரை துல்லியம். ஈரச்சுவர் தாளை உப்பச் செய்திருக்கிறது. வில்லையில் யாதொரு குறையும் இல்லை. அவன் வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டும் கேளாதவனாக இருந்திருக்கிறேன்.

எட்டாவது படத்தை அம்மாளிடம் கொண்டுபோனேன்.

“மூஞ்சி எங்கங்க?”

உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“செடி கவ்வாத்து வெட்டுறப்பக் கத்தி பட்ட நகம்,” என்றார். “அவன்தாங்க.”

பிறகு படத்தை என்னிடமே நீட்டினார்.

“இந்த எழுத்தெல்லாம் வெட்டி எடுத்துருங்க சார். எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல.”

வெட்டினேன். எஞ்சியது தபால்தலை அளவுகூட இல்லை.