தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

நமுனுகுல மலையில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே எனக்கு ஒரு துண்டு போஞ்சிக்காய்த் தோட்டம் இருக்கிறது. தேயிலை எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கும் மனைவிக்கும் அதுதான் சோறு. இரண்டு போகமாகக் காட்டுப்பன்றி அதைக் கிண்டிப் போட்டது. அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து அனுமதிப்பத்திரம் எடுத்து, பதுளை டவுனில் ஓர் இரும்புக் கடைக்காரரிடம் அவருடைய தகப்பனார் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கை வாங்கினேன்.

துவக்குக்குப் போட மெஷின் எண்ணெய் ஒரு போத்தல் கொண்டு போகச் சொன்னார் கடைக்காரர். வேறு எதையும் ஊற்றிவிட வேண்டாம் என்றும் சொன்னார். எண்ணெயையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கா சொல்லித்தர வேண்டும்? அத்தனை வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தேங்காயெண்ணெய் தடவியே துரு அண்டாமல் வைத்திருந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை பகலில் துவக்கைத் துடைத்துச் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். எங்கள் ஊர்க் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்துதான் கிடக்கும். மனைவி அதை அடுப்போரம் வைத்து உருக்கிக் கொடுத்தாள். விசைப்பக்கம் தாராளமாக ஊற்றினேன். தோட்டா போடாமல் இழுத்துப் பார்த்தபோது டக் என்று சத்தம் கேட்டது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பனிமூட்டம். மேல்வரப்பில் உட்கார்ந்திருந்தேன். போஞ்சிக் கம்புகளுக்கிடையில் கறுப்பாக ஒன்று குனிந்து அசைந்தது. குறி வைத்து விசையை அழுத்தினேன். மொத் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் துவக்கைத் திட்டினேன். அதற்குள் அந்தக் கறுப்பு நிமிர்ந்தது. என் மனைவி. குளிருக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தேநீர் பிளாஸ்கோடு, சாய்ந்து கிடந்த கம்பை நட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பன்றி வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். குளிருக்குக் குடிக்கச் சொல்லிச் சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தேனே, அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

அவள் முன்னே போக விட்டேன். தாமதித்து வெடித்துவிடுமோ என்று துவக்கை மண்மேட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் ஏறுமுன் பின்வாசலில் சாக்கு விரித்துத் துவக்கைக் கழற்றினேன். தோட்டாவைக் குத்த வேண்டிய ஊசியைச் சுற்றி எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது. ஊசி நகர்ந்திருக்கிறது, ஆனால் அதில் வேகம் இல்லை. அவள் பழைய சேலையைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்தேன். மறுபடி பூட்டி வெறும் துவக்கை இழுத்துப் பார்த்தேன். டக் என்று தெளிவாகக் கேட்டது. துவக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

சாக்கின் ஓரத்தில் நான் எடுத்து வைத்திருந்த தோட்டாவை அவள் கையில் எடுத்தாள். அதன் பித்தளை அடியின் நடுவில் மிளகளவு கூட இல்லாத ஒரு பள்ளம். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்னங்க, குத்தின மாதிரி இருக்கு?"

புதுசிலேயே அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"காலையில நான் அழுத்திட்டேன். பன்றின்னு நெனச்சேன்."

அவள் தோட்டாவைப் பார்த்தாள், துவக்கைப் பார்த்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. தோட்டாவைச் சாக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எண்ணெய நாந்தானே உருக்கிக் குடுத்தேன்."

எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

அந்த வாரமே துவக்கைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டேன். பன்றி இப்போதும் வருகிறது. தகர டின்னைத் தட்டி விரட்டுகிறேன். பாதி விளைச்சல் அதற்குத்தான்.

என் மனைவி இன்றும் விடியற்காலையில் சாயத்தண்ணி கொண்டு வருகிறாள். என் கையில் தகர டின்னைத் தவிர ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கீழ்ப்பாதையில் கால் வைக்கும்போதே குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

"நாந்தாங்க வாரேன். நாந்தான்."