போனில் வரும் கூலி

கொரோனா போன பிறகும் அம்மா கூலியை ஏன் போனிலேயே வாங்குகிறார் என்பதற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. சில்லறைத் தகராறு இல்லை. வரவு தெரியும். கரும்புக் கொல்லையிலிருந்து ஊர்த்தெரு வரை நடக்க வேண்டாம். திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை செய்கிறவள் நான். காரணம் தெரியாமல் எதையும் விட்டுப் பழக்கமில்லை.

புயலில் டவர் விழுந்தது. களையெடுத்த கூலி வந்து சேரவில்லை, வீட்டில் அரிசியும் இல்லை, கடையில் ரொக்கம்தான் கேட்டார்கள். பணம் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்று நிலக்காரம்மா ஆள் அனுப்பினார். அம்மா போகவில்லை.

"ஏம்மா, அரிசி வேணாமா?"

"டவர் வரட்டும். கால் வலிக்குதுடி."

"காத்தால பம்புசெட்டு வரைக்கும் நடந்தியே."

"அது வேற காலு."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தம்மா மேல இருந்து போடும். நான் ரெண்டு கையையும் சேத்து ஏந்தணும். நோய் வந்தப்ப எல்லாரும் எல்லார்கிட்டயும் தள்ளி நின்னாங்க, போன்ல போட ஆரம்பிச்சாங்க. அத்தோட வுட்டுது. இப்ப அந்தம்மா பேரு போட்டு எம் பேருக்கு வருது."

இது என் வரிசையில் இல்லை. ஆனால் போனில் போட்டாலும் அந்தம்மா இவர் கையைத் தொட வேண்டியதில்லையே. அப்படியானால் இந்த வசதி யாருக்கு? கேட்டேன்.

"நீதான படிச்சவ" என்றார்.

நானே போனேன். நிலக்காரம்மா கேட் வரை வந்தார். "இன்னாம்மா, அம்மாக்கு ஒடம்பு முடியலயா?" என்று கேட்டுக்கொண்டே நோட்டுகளை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். விரல் பட்டது. என் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அதனாலா, காலம் மாறிவிட்டதா, புயல் அலைச்சலில் மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் பணத்தை நீட்டினேன்.

"எப்டிக் குடுத்துச்சு?"

"கையிலதான்மா. தொட்டுத்தான் குடுத்தாங்க."

"ஒனக்கு அப்டி" என்றார் அம்மா. வாங்கவில்லை. "நீ வச்சுக்க. அரிசி நீ வாங்குனதா இருக்கட்டும். டவர் வந்ததும் எனக்கு போன்ல போடு."

டவர் வந்ததும் போட்டேன். அம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஒம் பேருதான் வருது. அந்தம்மா பேர்ல வர்லியே."

நான் தொகையை மறுபடி சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.