விதைக்கு விட்ட தக்காளி

தாஸ் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சோளக்காடு சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். வாங்கியதைப் பையின் அடியில் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்தும் விட்டேன். கடைத் தக்காளி அவர் கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது அவரோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். போனில் அழைத்தது நம் வார்டு உதவியாளர் சரசு.

"சிஸ்டர், தாஸ் சார் மயங்கி உழுந்துட்டாருங்க. டாக்டர் வந்து பாத்துட்டு... போயிட்டாருன்னு சொல்லிட்டாருங்க."

எங்கே விழுந்தார் என்று கேட்டேன். "உங்க செவுத்துகிட்டதாங்க" என்றாள்.

என் சுவர். கடைசியிலும் அந்த மனிதருக்கு என் சுவர்தான் கிடைத்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை இந்த அஞ்சலிக் குறிப்பில் மறைத்து, 'பழகுவதற்கு இனியவர்' என்று எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள்.

அவரைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தாஸ் சார் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். சொந்த ஊர் சேலம். அவர் மனைவி மேரி அக்கா அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியை. நான் செவிலியர், மோகனூர்ப் பக்கம். ஒட்டினாற்போல் கட்டிய இரண்டு வாடகை வீடுகளில் அவர் ஒன்றிலும் நான் ஒன்றிலும் இருந்தோம். கீழேயிருந்து கொல்லிமலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் குளிரைப் பற்றிப் புலம்புவார்கள், பஸ்ஸைப் பற்றிப் புலம்புவார்கள். இவர் தக்காளியைப் பற்றிப் புலம்பினார். மேலே வருகிற தக்காளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நசுங்கி, இங்கே வந்து சேரும்போது பாதி கூழாகத்தான் இருக்கிறது என்பார். ஒருநாள் புலம்பலை நிறுத்திவிட்டு, நாமே போட்டுக்கொள்வோம் என்று கிளம்பினார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

மலையில் தக்காளி வராது என்று யாரும் சொல்லவில்லை. வரும். பூக்கும், காய்க்கும். பழுக்கத்தான் பழுக்காது. தை மாதக் குளிரில் செடி நட்டது நட்டபடி நிற்கும். மாசிக்கு மேல்தான் அதற்கு வளரவே மனசு வரும். காய் திரண்டு, இனி நிறம் மாறலாமா என்று யோசிக்கிற சமயத்தில் மழையும் மூடுபனியும் வந்துவிடும். இலையெல்லாம் கருகி, காயெல்லாம் கறுத்து, மொத்தமும் குப்பைக்குப் போகும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாள் வெயிலுக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும்.

"வெயிலு கம்மிங்க சிஸ்டர். செடிக்கு அது தெரியாது. நாமதான் அவசரப்படுத்தணும்" என்பார். மருந்துச் சீட்டோடு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள் விஷயத்தில் இந்த அவசரம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வெயில் முழுக்க என் வீட்டுப் பக்கச் சுவரில்தான் விழுந்தது. அவர் பக்கம் பலாமரத்தின் நிழல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் சுவரோரம் வரிசையாக எண்ணெய் டின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செடி. என் துணிக்கொடியை அவிழ்த்து மடித்து வாசற்படியில் வைத்திருந்தார். கேட்டதற்கு, "உங்க செவுரு சும்மாதானுங்களே நிக்குது" என்றார். சுவர் பின்னே நடக்குமா? சண்டை போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் டின்களுக்கு நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர்க் கேன்கள் முளைத்திருந்தன. பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, குளிர் இறங்கும்போது செடிக்குச் சூடு கொடுக்குமாம். அதற்கும் மேல் என் கொசுவலையைக் கேட்டு வாங்கிப் போர்த்தினார். கேட்டு வாங்கினார் என்பதுகூட மரியாதைக்காக எழுதுகிறேன்.

நாற்று விடுவது மார்கழியில். அந்தக் குளிரில் விதை முளைக்காது என்று முதலில் தன் அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தார். ஒருவர் சமைக்கிற அடுப்பில் என்ன சூடு இருக்கும்? என்னிடம் இருந்த பழைய ஃபிரிட்ஜின் தலை கதகதப்பாக இருக்கும் என்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்தால் என் ஃபிரிட்ஜின் மேல் அவருடைய நாற்றுத் தட்டு. காலையில் நான் பல் துலக்குவதற்குள் கதவைத் தட்டுவார். "ஏனுங்க சிஸ்டர், தலை தூக்கிருச்சுங்களா?" ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். மாத்திரையும் கஞ்சியும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். மனசு இளகிப்போய் நன்றி சொல்ல வாயைத் திறந்தால் ஆளைக் காணோம். அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு ஏறி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

தேவனூர்ப் பொன்னுசாமி அண்ணனை உங்களுக்கு நினைவிருக்கும். சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர். அவர் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதை, அதாவது குழியில் தாரை இறக்கி மூடிப் புகை விட்டுப் பழுக்க வைப்பதை, சார் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டார். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற காயெல்லாம் பச்சையாகவே நின்றது. அந்தப் பச்சைக்காய் அத்தனையையும் பறித்துக்கொண்டு போய் அண்ணனின் குழியில் வாழைத்தாரோடு இறக்கினார்.

"சார், இது வாழைக்குத்தானுங்க. தக்காளிக்கு ஆரும் போட்டதில்லீங்க" என்று அந்த அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"ஆரும் போடலீன்னா, ஆகாதுன்னு எப்படிங்க தெரியும்?"

வாழை பழுத்தது. தக்காளி சுருங்கி, கரிப்புகை மணத்தோடு சுட்ட கத்தரிக்காய் மாதிரி வெளியே வந்தது. அதைச் சட்னி அரைத்து மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து, நம் ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தாரே, யாராவது மறந்திருப்பீர்களா? டாக்டர் முதற்கொண்டு முகம் சுளிக்காமல் தின்றோம்.

இவ்வளவு பாடுபட்டும் வருஷத்துக்கு ஒரே ஒரு பழம் செடியிலேயே சிவக்கும். ஒன்றுதான். எந்தச் செடியில் எந்தக் காய் முதலில் நிறம் காட்டுகிறதோ அதன் காம்பில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிபோல ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார். அது விதைக்கு. யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. இரண்டாவது காய் சிவப்பதற்குள் மூடுபனி வந்துவிடும். அந்த ஒரு பழத்தின் விதையைத்தான் அடுத்த மார்கழிக்குப் போடுவார். அதிலும் முந்திப் பழுப்பது எதுவோ அதன் விதை அதற்கடுத்த வருஷத்துக்கு. இப்படியே முந்த வைத்து முந்த வைத்து, பனிக்கு முன்னால் பழுக்கிற தக்காளி ஒன்றை இந்த மலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்றார். கொஞ்சம் விதையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஒரு வருஷம் பொய்த்தால் எல்லாம் போய்விடுமே என்று எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டேன். "பொட்டியில கெடக்கற விதை குளுரு பழகுமாங்க?" என்று கேட்டு, இருந்த அத்தனை விதையையும் வருஷா வருஷம் விதைத்துத் தீர்த்தார்.

மேரி அக்கா கோடை விடுமுறைக்கு மேலே வருவார். வாசலூர்ப்பட்டிக்குக் கூட்டிப்போய் ஏரியில் படகில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஆசைகாட்டி வரவழைப்பார் சார். வந்த பிறகு, செடியை விட்டு நகர முடியாது, வெயில் போய்விடும் என்பார். ஒரு வருஷம் அக்கா சுவரோரம் நின்று அந்தச் சிவந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத எனக்குக் குடுங்களேன். எத்தன வருசமாச்சு, ஒண்ணு தின்னு பாக்கறேன்."

"அது விதைக்கு மேரி."

"அப்ப எனக்கு?"

"அடுத்த வருசம் ரெண்டு பழுக்கும்."

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். அக்கா கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து உட்காருவார். எனக்கும் ஆத்திரமாக வரும். கட்டிய மனைவிக்கு ஒரு தக்காளி கொடுக்காத மனிதர் என்ன மனிதர்?

இந்தச் சித்திரையில், மேரி அக்காவின் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதற்குள்ளேயே, பழம் வழக்கத்தைவிட முன்னாடி சிவந்துவிட்டது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. பறித்து வையுங்கள், மேகம் இறங்குகிறது என்றேன். "இன்னும் ரெண்டு நாள் செவக்கட்டுங்க" என்றார். அந்த இரண்டு நாளுக்குள் அவர் போய்விட்டார். அந்தப் பழத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபடியே சரிந்திருக்கிறார்.

நான் சந்தையிலிருந்து ஓடி வந்தபோது என் வீட்டுக்குள் ஊர்ப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதென்று, சேலத்திலிருந்து வரப்போகிறவர்களுக்காக என் அடுப்பில் சோறு வடித்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமி அண்ணனின் மனைவிதான் முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். ரசத்துக்குத் தக்காளி ஏது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சுவர்ப்பக்கம் ஓடினேன். செடிகள் மொட்டையாக நின்றன. செங்காய், பச்சைக்காய் ஒன்று விடாமல் பறித்திருந்தார்கள். வருகிறவர்களுக்குப் பசிக்குமே என்று செய்ததுதான். அவர்களைத் திட்டவும் முடியாது.

"அந்தத் துணி கட்டுனத மட்டும் தொடலைங்க சிஸ்டர்" என்று பொன்னுசாமி அண்ணனின் மனைவி பின்னாலிருந்து சொன்னார். "சாருக்கு ஏதோ வேண்டுதலாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டோமுங்க."

கோயில் மரத்தில் கட்டுவதுபோல் வேண்டிக்கொண்டு கட்டிய துணி என்று நினைத்திருக்கிறார்கள். பழம் அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். சார் போனதற்கா, பழம் தப்பியதற்கா என்று கேட்டால் இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

மேரி அக்கா வேனில் வந்தார். சவப்பெட்டியும் அதே வேனில் வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வதென்றும், புறப்படும் முன் இங்கே ஒரு ஜெபம் என்றும் முடிவானது. சாரைப் பெட்டியில் கிடத்தினார்கள். போதகர் வேதாகமத்தைத் திறக்கும்போது அக்கா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பழம். துணியோடு பறித்து வந்திருந்தார். சாரின் கோத்த விரல்களுக்குள் அதைச் செருகி வைத்தார்.

எல்லோரும் விம்மினார்கள். நான் மட்டும் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பழத்தை விட்டால் உலகத்தில் வேறு விதை இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற பெண்ணிடம் தக்காளியைக் கேட்பதா? கேட்டேன். காதோரம் குனிந்து, "அக்கா, அது விதைக்குங்க" என்றேன்.

"தெரியும் கண்ணு" என்றார் அவர், சத்தமாகவே. "விதைக்கு விதைக்குன்னு சொல்லிச் சொல்லியே ஒண்ணக்கூட வாயில வெக்காமப் போயிட்டாரு. இத ஒண்ணயாச்சும் அவரு கொண்டுட்டுப் போகட்டும்."

பின்வாங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அக்கா சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போதகர் காத்திருந்தார். பிறகு, "உங்களோட ஒரே ரோதனைங்க" என்று அவரைத் திட்டியபடி பழத்தை உருவி, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, என் உள்ளங்கையில் விதையையும் சாற்றையும் பிழிந்து விட்டார். வெறும் சதையை மட்டும் மறுபடி சாரின் விரல்களுக்குள் வைத்தார்.

ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கைகூப்பி நிற்க, நான் ஒரு கையை இறுக மூடிக்கொண்டு, முழங்கை வழியாகச் சாறு ஒழுக நின்றேன். போதகர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. கை திறந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

விதையைப் புளிக்கவிட்டு அலசி, காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மார்கழிக்குப் பாதியைத்தான் போடுவேன். மீதி டப்பாவில் கிடக்கும், சார் மேலேயிருந்து எவ்வளவு கத்தினாலும் சரி. எனக்குத் தக்காளி ஒன்றும் அவ்வளவு பிடிக்காது. புளி கரைத்தே ரசம் வைத்துக்கொள்வேன். ஆனாலும் அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த விதையும் இதனோடு வருகிற பாடும்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அவர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மேரி அக்கா பேசினார். விதை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"காய்ச்சுதுன்னா மொதப் பழம் எனக்குக் கண்ணு. இப்பவே சொல்லிப்போட்டேன்."

சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "மொதப் பழம் விதைக்குங்க அக்கா" என்றுவிட்டேன்.

நானே என்னை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப ரெண்டாவது?" என்றார்.

இந்தச் சுவரில் இரண்டாவது பழம் இதுவரை பழுத்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ரெண்டாவது உங்களுக்குத்தானுங்க" என்றேன். "நானே சேலத்துக்குக் கொண்டாந்து தாரேன்."