ஜார்ஜ் என்றால் விவசாயி

வீடு கிடைத்துவிட்டது நண்பர்களே! சேலையூரில், கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்திலேயே மாடி போர்ஷன்!

ஓனர் அந்த ஊரிலேயே நெல் போட்ட குடும்பம். அவர்கள் வயலெல்லாம் இப்போது வீடுகள்.

"பேரு இன்னா தம்பி?"

"ஜார்ஜ் சார்."

முகம் சுருங்கியது. "வூட்ல கேட்டுட்டு சொல்றேன்."

இதே பதிலை எத்தனை வாசலில்தான் கேட்பது? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சார், ஜார்ஜ்னா என்ன அர்த்தம் தெரியுமா? அது கிரேக்கப் பேரு. அந்த பாஷைல மண்ணு, வேலைன்னு ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்தது. மண்ணுல வேலை செய்றவன். விவசாயி சார்!"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாவா? அந்த ஊர்லயும் புள்ளைக்கு விவசாயின்னு பேரு வைக்கிறானா?"

உடனே உள்ளே பார்த்துக் கத்தினார்.

"இந்தாம்மா, மாடி சாவியக் கொண்டா! தம்பி நம்மாளு!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாவியோடு ஒரு மண்வெட்டியும் வந்தது.

"பின்னாடி கீரை போட்டுக்கீறேன். முட்டி வலி, என்னால குனிய முடியல. இனிமே நீதான் பாத்துக்கணும்."

கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன் நான். என்னிடம் மணி பிளான்ட்கூடப் பிழைத்ததில்லை. கீரை தெரிந்தவர்கள் கமென்ட்டில் வந்து காப்பாற்றுங்கள்.

என் தம்பி பிலிப்பும் வீடு தேடுகிறான். அதுவும் கிரேக்கப் பேர்தான், குதிரைப் பிரியன் என்று அர்த்தம்.

தாம்பரம் பக்கம் குதிரை வளர்க்கும் ஹவுஸ் ஓனர் யாராவது இருக்கிறார்களா?